முகவாய், கன்ன ஒப்பனை அறுவை சிகிச்சை

முகவாய், கன்ன ஒப்பனை அறுவை சிகிச்சை என்பது முகத்தின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள எலும்பு, கொழுப்பு, தசை ஆகியவற்றைக் கூட்டியோ குறைத்தோ இடம் மாற்றியோ முகத்தின் வடிவத்தை மாற்றும் மருத்துவ முறையாகும். உள்ளடங்கிய முகவாயை முன்னுக்குக் கொண்டுவருதல், நீண்ட முகவாயைக் குறைத்தல், தட்டையான கன்னத்தை எடுப்பாக்குதல், அகன்ற கன்ன எலும்பை ஒடுக்குதல், உப்பிய கன்னத்தின் கொழுப்பை நீக்குதல் ஆகியவை இதில் அடங்கும். பிறவிக் குறை, விபத்து, புற்றுநோய் ஆகியவற்றால் சிதைந்த முகத்தைச் சீர்செய்ய உருவான நுட்பங்களே பிற்காலத்தில் அழகுக்காகவும் பயன்படத் தொடங்கின.

முகவாய் என்பது கீழ்த்தாடை எலும்பின் முன்முனை. மோவாய் என்றும், சில வட்டாரங்களில் நாடி என்றும் இதைச் சொல்வர். பேச்சு வழக்கில் தாடை என்ற சொல் முகவாய்க்கும் முழுக் கீழ்த்தாடைக்கும் பொதுவாக வழங்குகிறது. மருத்துவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. முகவாய் மட்டும் சிறியதாக இருப்பதற்கும், கீழ்த்தாடை முழுவதும் பின்தங்கி இருப்பதற்கும் சிகிச்சை வேறு வேறு.

உடற்கூறு

வெளிப்புறம் துருத்திய முகவாய் மனித இனத்துக்கே உரிய அடையாளங்களுள் ஒன்று. நியண்டர்தால் மனிதர்களுக்கும் குரங்கினங்களுக்கும் இத்தகைய முகவாய் இல்லை. முகவாயின் எலும்பை ஒரு சிறிய இணைத்தசை மூடியிருக்கிறது. கீழுதட்டை மேலே தூக்கிப் பிடிப்பது இத்தசையே. கீழ்த்தாடை எலும்பினுள்ளே ஓடிவரும் உணர்வு நரம்பு, முன்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அருகே உள்ள சிறு துளை வழியாக இருபுறமும் வெளிவந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடு உணர்வைத் தருகிறது. முகவாயில் கத்தி வைக்கும் மருத்துவர் முதலில் காக்க வேண்டியது இந்த நரம்பைத்தான்.

கன்னத்தின் மேட்டுக்குக் காரணம் கண்ணுக்குக் கீழே பக்கவாட்டில் அமைந்த கன்ன எலும்பு. அதன் உட்புறத்தில், கண்குழிக்குச் சற்றுக் கீழே, மேலுதடு, மூக்கின் பக்கம், கன்னம் ஆகியவற்றுக்கு உணர்வு தரும் நரம்பு வெளிவருகிறது. முகத்தின் அசைவுக்குக் காரணமான முகநரம்பின் கிளைகள் கன்னத்தின் ஊடே விரிந்து செல்கின்றன. கன்னத்தின் ஆழத்தில் மெல்லும் தசைக்கும் கன்னச் சுவர்த் தசைக்கும் இடையே ஒரு கொழுப்புப் பொதி உள்ளது. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் பிஷாவின் பெயரால் இது பிஷா கொழுப்பு எனப்படுகிறது. குழந்தைகளின் கன்னம் உப்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பனையும் சீரமைப்பும்

ஒரே அறுவை, ஒருவருக்கு ஒப்பனையாகவும் இன்னொருவருக்குத் தேவையாகவும் அமையலாம். சிறு வயதில் முகவாய் அடிபட விழும் குழந்தைக்குக் காதருகே உள்ள தாடை மூட்டு முறிந்துவிடுவதுண்டு. வெளிக்காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டு மூட்டைக் கவனிக்காமல் விட்டால், மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி இறுகிவிடலாம். பிறகு வாய் திறக்காது. உண்பதும் பல் துலக்குவதும் கடினமாகும். வளர்ச்சி மையம் பாதிக்கப்படுவதால் கீழ்த்தாடை வளராமல், பக்கவாட்டில் பார்க்கும்போது முகம் பறவையின் முகம்போல் தோன்றும். மூச்சுப்பாதை குறுகி உறக்கத்தில் மூச்சுத் தடையும் ஏற்படும். இத்தகையோருக்கு மூட்டை விடுவித்துத் தாடையை நீட்டி முகவாயை முன்னகர்த்துவது அழகுக்கான சிகிச்சை அன்று. முகவாயில் அடிபட்ட குழந்தைக்கு வாய் முழுதாகத் திறக்கிறதா, கடிக்கும்போது பற்கள் முன்போல் சேர்கின்றனவா என்று பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய எளிய, முக்கியமான சோதனை.

கன்ன எலும்பும் தாடையும் சரியாக வளராத டிரீச்சர் காலின்ஸ் நோய்த்தொகை, முகத்தின் ஒரு பாதி மட்டும் சிறுத்துப் போகும் நிலைகள், பியர் ரோபின் குறைபாடு போன்ற பிறவிச் சிக்கல்களிலும் இவ்வறுவைகள் பயன்படுகின்றன.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் ஏற்கிறது. இந்தியாவில் மருத்துவ சேவைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து உள்ள விலக்கு, அழகுக்காகச் செய்யப்படும் அறுவைகளுக்குப் பொருந்தாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீர்செய்யும் அறுவைகளுக்கு விலக்கு உண்டு. உடல்நலக் காப்பீட்டிலும் பொதுவாக விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு தவிர்த்த ஒப்பனை அறுவைகள் விலக்கப்படுகின்றன. எனவே முழுச் செலவும், பின்னர் சிக்கல் வந்தால் அதன் செலவும், பெரும்பாலும் நோயாளியின் கையிலிருந்தே போகும்.

வரலாறு

முகத்தைச் சீரமைக்கும் கலை பழமையானது. கன்னத்தின் தோலைக் கொண்டு காது மடலைச் சீர்செய்யும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. ஆயினும் எலும்பையே மாற்றியமைக்கும் அறுவைகள் மயக்க மருந்தும் நுண்ணுயிர்க் கொல்லிகளும் வந்த பிறகே சாத்தியமாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரபின் மெழுகை உருக்கி ஊசியால் தோலுக்கடியில் செலுத்தி முகத்தை நிரப்பும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. மெழுகு இடம் பெயர்ந்ததோடு கட்டிகளையும் உண்டாக்கியது. பேரழகி எனப் புகழப்பட்டு, பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கனின் மூக்கில் செலுத்தப்பட்ட மெழுகு, கீழிறங்கி முகவாய்ப் பகுதியில் திரண்டு அவர் முகத்தையே மாற்றிவிட்டது. உடலுக்குள் வைக்கும் பொருளை நெடுநாள் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்நிகழ்ச்சி இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917ஆம் ஆண்டு தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீசின் தலைமையில் அங்கு 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. தாடையை இழந்தவர்களுக்கு எலும்பும் தோலும் ஒட்டும் நுட்பங்கள் இங்குப் பெருவளர்ச்சி கண்டன.

முகவாய் எலும்பை அறுத்து முன்னகர்த்தும் முறையை 1942இல் ஓட்டோ ஹோஃபர் விவரித்தார். அது வெளித்தோலைக் கீறிச் செய்யும் முறை. 1957இல் டிரவுனர், ஓப்வெகேசர் ஆகிய ஆஸ்திரிய மருத்துவர்கள் வாயின் உட்புறம் வழியாகவே இதைச் செய்யும் முறையை வெளியிட்டனர். இதனால் வெளியே தழும்பு தெரியாமல் போயிற்று. மண்டையோட்டையும் முக எலும்புகளையும் சேர்த்துச் சீரமைக்கும் துறையைப் பிரெஞ்சு மருத்துவர் பால் டெசியர் 1960களில் நிறுவினார். எலும்பை அறுத்து, ஒரு கருவியின் உதவியால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளரச் செய்யும் முறையை மனிதக் கீழ்த்தாடையில் பயன்படுத்தியது பற்றி ஜோசப் மெக்கார்த்தி குழுவினர் 1992இல் அறிவித்தனர்.

அறுவைக்கு முன் மதிப்பீடு

முகவாய் சிறியது என்று வருபவருக்கு முதலில் பார்க்கப்படுவது பற்களின் கடிப்பொருத்தம். மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சரியாகப் பொருந்தினால் குறை முகவாயில் மட்டும் இருக்கலாம். கீழ்வரிசை பின்தங்கி இருந்தால் கீழ்த்தாடையே பின்தங்கியுள்ளது என்று பொருள். அவருக்குப் பல் சீரமைப்பும் முழுத்தாடையை நகர்த்தும் அறுவையும் தேவைப்படலாம். முகவாயில் மட்டும் ஏதேனும் வைத்து மறைத்தால் முகம் மாறும்; மெல்லுவதிலும் மூச்சிலும் உள்ள சிக்கல் அப்படியே நிற்கும்.

மூக்கும் முகவாயும் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும். முகவாய் உள்ளடங்கியவருக்கு மூக்கு பெரிதாகத் தெரியும். மூக்கைக் குறைக்க வருபவருக்கு உண்மையில் முகவாயில்தான் குறை என்று மருத்துவர் சொல்வதும் உண்டு. பக்கவாட்டில் மூக்கு நுனியையும் முகவாய் நுனியையும் இணைத்து வரையும் கோட்டிலிருந்து உதடுகள் எவ்வளவு உள்ளே அமைகின்றன என்று அளக்கும் ரிக்கெட்ஸ் முறை பரவலாகப் பயன்படுகிறது. இத்தகைய அளவுகள் வழிகாட்டிகளே. உதட்டின் தடிப்பும் பல்லின் சாய்வும் இனத்துக்கு இனம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடும்.

பக்கவாட்டு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் முப்பரிமாண சி.டி. ஸ்கேன், பல கோணங்களில் ஒளிப்படங்கள், இரத்தப் பரிசோதனை ஆகியவை எடுக்கப்படும். முக எலும்பின் வளர்ச்சி முடியும் முன் ஒப்பனைக்காக இவ்வறுவைகளைச் செய்வதில்லை. அது பதின்வயதின் பிற்பகுதியில்தான் முடிகிறது; ஆண்களுக்குச் சற்றுத் தாமதமாகும்.

முகவாய்க்கான முறைகள்

1. செயற்கைப் பொருள் பொருத்துதல்: கீழுதட்டின் உட்புறமோ முகவாயின் அடியிலோ கீறி, எலும்பின் மேலுறைக்கு அடியில் சிறு பை போன்ற இடம் உண்டாக்கி, அதில் சிலிக்கோன் அல்லது நுண்துளைப் பாலிஎத்திலீனால் ஆன பொருத்துபொருளை வைப்பர். குறைந்த நேரத்தில் முடியும். சிலிக்கோனை வேண்டாதபோது எளிதில் எடுத்துவிடலாம். நுண்துளைப் பொருளினுள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால் அது அசையாது. ஆனால் எடுப்பது கடினம்.

2. எலும்பை நகர்த்துதல்: வாயின் உட்புறம் கீறி, பல் வேர்களுக்குக் கீழே முகவாய் எலும்பைக் கிடைமட்டமாக அறுத்து, அந்தத் துண்டை முன்னாலோ பின்னாலோ மேலோ கீழோ பக்கவாட்டிலோ நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்துவர். தன் எலும்பே என்பதால் உடல் ஏற்காமல் போகும் சிக்கல் இல்லை. கோணலையும் நீளத்தையும் சரிசெய்ய இதுவே ஏற்றது. நாக்கின் தசை இத்துண்டோடு சேர்ந்து முன்னே வருவதால் உறக்க மூச்சுத்தடை உள்ள சிலருக்கும் பயன்படுகிறது.

3. எலும்பைக் குறைத்தல்: பெரிய முகவாயின் எலும்பைச் சீவிக் குறைப்பர். மேல் திசு தளர்ந்து தொங்காமல் இருக்கத் தசையை மீண்டும் சரியாகத் தைக்க வேண்டும்.

கன்னத்துக்கான முறைகள்

1. கன்னத்தை எடுப்பாக்குதல்: மேலுதட்டின் உட்புறம் அல்லது கீழ் இமை வழியாகக் கன்ன எலும்பின் மேல் பொருத்துபொருளை வைப்பர். வயிறு, தொடை ஆகிய இடங்களிலிருந்து உறிஞ்சி எடுத்த சொந்தக் கொழுப்பைச் சிறு சிறு அளவாகச் செலுத்துவதும் உண்டு. செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும் என்பதால் மறுமுறையும் தேவைப்படலாம்.

2. கன்ன எலும்பைக் குறைத்தல்: எலும்பை அறுத்து உள்நோக்கி நகர்த்தித் தகடுகளால் பொருத்துவர். எடுப்பான கன்ன எலும்பை மேலை நாடுகளில் பலர் விரும்பிப் பெறுகையில், கிழக்கு ஆசியாவில் பலர் அதே எலும்பைக் குறைக்க விரும்புகின்றனர். அழகின் இலக்கணம் உடற்கூற்றில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

3. கன்னக் கொழுப்பை நீக்குதல்: வாயினுள் சிறிதாகக் கீறிப் பிஷா கொழுப்பின் ஒரு பகுதியை எடுப்பர். அருகிலேயே உமிழ்நீர்க் குழாயும் முகநரம்பின் கிளைகளும் உள்ளன. எடுத்த கொழுப்பு மீண்டும் வளராது. வயதாகும்போது இயல்பாகவே முகத்தின் கொழுப்பு குறையும். இளமையில் மிகுதியாக எடுத்தவருக்குப் பின்னாளில் கன்னம் ஒட்டிப்போன தோற்றம் வரலாம்.

4. கன்னக்குழி உண்டாக்குதல்: இயற்கையான கன்னக்குழிக்குச் சிரிப்புத் தசை இரண்டாகப் பிரிந்து, அதன் ஒரு பிரிவு தோலோடு ஒட்டியிருப்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. வாயின் உட்புறம் வழியாகக் கன்னத் தசையைத் தோலின் அடிப்புறத்தோடு சேர்த்துத் தைத்து இதைச் செயற்கையாக உண்டாக்குவர். முதல் சில வாரங்களுக்குச் சிரிக்காதபோதும் குழி தெரியும். பிறகு சிரிக்கும்போது மட்டும் தெரியும்.

கத்தியில்லா முறைகள்

ஹயலுரானிக் அமிலம் கொண்ட நிரப்பிகளை ஊசியால் செலுத்தி முகவாயையும் கன்னத்தையும் எடுப்பாக்கலாம். இதன் பயன் சில மாதங்கள் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை நீடிக்கும். பிடிக்காவிட்டால் அதைக் கரைக்கும் நொதி மருந்தும் உண்டு. தாடையின் பக்கங்கள் அகன்றிருப்பது மெல்லும் தசையின் பருமனால் என்றால் பொட்டுலினம் ஊசி அதைச் சுருக்கும்.

கத்தி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று கருதக் கூடாது. நிரப்பி தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றால் அது ஊட்டும் தோல் அழுகலாம். முகத்தின் தமனிகள் கண்ணின் தமனியோடு தொடர்புடையவை என்பதால், அரிதாக, பார்வையே பறிபோகலாம். இந்த ஆபத்தை உடனே அறிந்து மாற்று மருந்து கொடுக்கத் தெரியாத அழகு நிலையங்களில் இவ்வூசியைப் போட்டுக்கொள்வது ஆபத்தானது.

குணமாகும் காலம்

வீக்கமும் கன்றலும் முதல் இரண்டு, மூன்று நாட்கள் கூடி, இரண்டு வாரங்களுக்குள் பெரும்பகுதி வடியும். முழு வடிவம் தெளியச் சில மாதங்கள் ஆகும். வாயினுள் தையல் இருந்தால் சில நாட்கள் கஞ்சி, மோர், குழைந்த சோறு போன்ற நீர்மமான அல்லது மென்மையான உணவே உண்ண வேண்டும். ஒவ்வொரு முறை உண்ட பின்னும் வாய் கொப்பளிக்க வேண்டும். அறுத்த எலும்பு கூட ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரை அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். புகைபிடித்தல் இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைக் கெடுக்கும். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைதலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது.

சிக்கல்கள்

கீழுதடும் முகவாயும் சில வாரங்கள் மரத்திருப்பது இயல்பு. நரம்பு நைந்தாலோ அறுபட்டாலோ அது நிலைத்துவிடலாம். அப்போது உதட்டோரம் சோறு ஒட்டியிருப்பதும் எச்சில் வழிவதும்கூட அவருக்குத் தெரியாது. தொற்று, பொருத்துபொருள் நகர்தல், அதன் அழுத்தத்தால் அடி எலும்பு தேய்தல், இருபுறமும் சமமின்மை, முகவாய்த் தசை தளர்ந்து தொங்குதல், பல் வேர் பாதிப்பு ஆகியவை பிற சிக்கல்கள். எலும்பை அறுக்கும் சிகிச்சைகளில் மிகுந்த குருதிப்போக்கு அரிது. ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தென்கொரியாவில் 2016இல் தாடை ஒப்பனை அறுவை செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவர் மிகுந்த குருதிப்போக்கால் நினைவிழந்து, பிறகு உயிரிழந்தார். அறுவை மருத்துவர் ஒரே நேரத்தில் பல அறுவைகளுக்கு இடையே போய்வந்ததும், குருதி கசிந்துகொண்டிருந்த நோயாளியோடு செவிலி உதவியாளர் ஒருவரே விடப்பட்டதும் அறுவைக்கூடக் கேமராப் பதிவில் தெரிந்தன. அப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு மாணவரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021இல் மருத்துவமனையின் தலைவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, நோயாளியை நினைவிழக்கச் செய்து அறுவை நடக்கும் கூடங்களில் கண்காணிப்புக் கேமராவைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நோயாளி கேட்டால் அறுவையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அதன் விதி.

மனநலம்

தோற்றத்தில் பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய குறையையே நாள் முழுதும் எண்ணி வருந்தும் நிலை உடல் உருக்குலைவு மனநோய் எனப்படுகிறது. இந்நோய் உள்ளவர்கள் அறுவைக்குப் பின்னும் பெரும்பாலும் மனநிறைவு அடைவதில்லை; கவலை வேறோர் உறுப்புக்கு மாறிவிடுகிறது. இவர்களுக்கு உதவுவது மனநல சிகிச்சையே.

கைப்பேசித் தற்படமும் இங்குக் கவனிக்கத் தக்கது. மிக அருகில் எடுக்கும் படத்தில் கேமராவுக்கு முன்னே இருப்பது பெரிதாகவும் பின்னே இருப்பது சிறிதாகவும் விழும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தோன்றும் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூக்கு பெருத்தும் முகவாய் சிறுத்தும் தெரிவதற்குப் பலமுறை காரணம் முகம் அன்று, தொலைவுதான். செயலிகளின் வடிகட்டிகள் தாடையைக் கூர்மையாக்கிக் காட்டுவதால் தன் உண்மை முகமே குறையுடையதாகத் தோன்றும் நிலையும் வளர்ந்துவருகிறது.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பெயரிலுள்ள சொல், உருக்கொடுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெகிழிப் பொருளைக் குறிப்பதன்று. இந்தியாவில் இத்துறையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர்களும், வாய், முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். பட்டம் பெற்ற பல் மருத்துவர்களும் முக எலும்பு அறுவைகளில் முறையான பயிற்சி பெற்றவர்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை பெறுவது நல்லது.

1. என் கடிப்பொருத்தம் சரியாக உள்ளதா? குறை முகவாயிலா, தாடையிலா?
2. அறுவையை முழுவதும் செய்பவர் யார்? மயக்க மருத்துவர் இறுதிவரை உடனிருப்பாரா?
3. உள்ளே வைக்கும் பொருள் எது? பின்னர் அதை எடுக்க முடியுமா?
4. குருதிப்போக்கு ஏற்பட்டால் இரத்தமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இங்கேயே உள்ளனவா?
5. மரத்துப்போதல் நிலைத்துவிட்டால் என்ன செய்யலாம்? மறு அறுவைக்கு யார் செலவு செய்வது?
6. எதுவும் செய்யாமல் விட்டால் உடல்நலத்துக்குக் கேடு உண்டா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்ற விடை கிடைத்தால் அது ஒப்பனை அறுவை; முடிவெடுக்க அவசரம் ஏதுமில்லை. "உண்டு" என்றால் அது சீரமைப்பு. காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவையோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் முகத்தாடை அறுவைப் பிரிவையோ அணுகலாம்.